ஹெவி மெட்டல் அல்பத்தை எங்கே பிடித்துக் கேட்பது? வன்னியில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஹெவி மெட்டலை முதன்முதலாகக் கேட்கிற ஆள் பாடகரைத் தேடுவார். சினிமாப் பாட்டிலும் கோவில் பாட்டிலும் பழகிய காதுக்கு அது இயல்பு. பல்லவி எங்கே, சரணம் எங்கே, என்ன சொல்கிறார் என்று பார்க்கும். குரல் பிடிபடாவிட்டால், அல்லது குரலே உறுமலாக வந்தால், மிச்சம் எல்லாம் இரைச்சல்தான். இரண்டு நிமிடத்தில் போனை நிறுத்திவிட்டு "உதென்ன சத்தம்?" என்று கேட்பவரில் குறை சொல்ல முடியாது. அவர் தேடின இடம்தான் பிழை.

மெட்டலில் பல்லவி கிட்டாரில் இருக்கிறது. ஒரு சில தாள வட்டத்துக்குள் அடங்கும் சின்னக் கிட்டார் வரி ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதற்கு ரிஃப் என்று பெயர். ஒரு பாட்டில் மூன்று ரிஃப் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். பாடகர் அந்த வரிக்கு மேல் வந்துபோகிற ஆள். பாட்டு முடிந்ததும் வாயால் முணுமுணுக்கக்கூடியதாக எந்த ரிஃப் மனதில் நின்றது என்று பாருங்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால், ஒன்றில் அல்பம் சரியில்லை, இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட ஸ்பீக்கர் சரியில்லை. முக்கால்வாசி நேரம் ஸ்பீக்கர்தான்.

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது

மின்கிட்டாரின் தந்தி அதிர்வு சிறிய மின்சைகையாக அம்ப்ளிபயருக்குப் போகும். அம்ப்ளிபயர் தாங்கும் அளவுக்கு மேலே அதை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கும். கோவில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை அளவுக்கு மேல் கூட்டினால் வருகிற கரகரப்புக்கும் இதே காரணம்தான். மெட்டல்காரர் அதைத் தெரிந்துகொண்டு, அளவு பார்த்துச் செய்கிறார்கள். டிஸ்டோர்ஷன் என்பது அதுதான்.

இதனால் ஒரு கட்டுப்பாடு வருகிறது. சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்துக்குக் கோட் (chord) என்று பெயர். வழக்கமான மேஜர் கோட்டில் ச, க, ப மூன்றும் உண்டு. டிஸ்டோர்ஷனுக்குள் மூன்று சுரத்தையும் சேர்த்துத் தள்ளினால் அவற்றின் மடங்குகள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். காந்தாரத்தை எடுத்துவிட்டு ச, ப இரண்டை மட்டும் வைத்தால் சத்தம் துப்புரவாக நிற்கும், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் இடையிலான விகிதம் 2:3. தம்புராவிலும் சுருதிப் பெட்டியிலும் நாள் முழுக்க நிற்கிற அதே சோடி. மெட்டல் ரிஃபுகளில் பெரும்பகுதி இந்த ச-ப சோடியை அப்படியே தூக்கி மேலும் கீழும் நகர்த்துவதுதான். பவர் கோட் என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

வலக்கை என்ன செய்கிறது என்பது அடுத்த விஷயம். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளைத் தாங்கும் கட்டையில் (பாலம்) தந்தி தொடங்கும் இடத்தில் இலேசாக வைத்து அடித்தால் சத்தம் இழுபடாமல் "ஜுக், ஜுக்" என்று அறுந்து விழும். கையை எடுத்தால் "ஜாங்" என்று திறக்கும். ஒரு ரிஃபில் எது அமத்தி அடித்தது, எது திறந்து விட்டது என்று பிரித்துக் கேட்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. தாளம் அதில்தான் கிடக்கிறது.

சுர வரிசைகளைப் பொறுத்தவரை, கோவிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மெட்டலில் அடிக்கடி வருவது நடபைரவி, தோடி, கீரவாணி ஆகியவற்றின் சுரங்கள். கமகம் கிடையாது, ஆகவே இராகம் என்று சொல்ல வராது. ஆனால் ச-வுக்கு ஒட்டினபடி சுத்த ரிஷபம் வந்து உரசுகிற அந்த இறுக்கம், தோடி தெரிந்த காதுக்குப் புதிது அல்ல. ஐரோப்பியக் காது அதைக் கேட்டு மிரளுகிற அளவுக்கு நாங்கள் மிரளத் தேவையில்லை.

1970: மழை, மணி, மூன்று சுரம்

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரத்தைச் சேர்ந்த பிளாக் சபாத் குழுவின் முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13 வெளிவந்தது. அல்பத்தின் பெயரும் முதற்பாட்டின் பெயரும் குழுவின் பெயரேதான். முந்தின ஒக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்து முடித்தது. மழை பெய்கிறது, இடி முழங்குகிறது, தூரத்தில் தேவாலய மணி. பிறகு கிட்டார் மூன்றே மூன்று சுரம் வாசிக்கிறது: ச, மேல் ச, அதிலிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். அவ்வளவுதான். அந்தப் பிரதி மத்தியமம் பஞ்சமத்தில் போய் உட்காராமல் நடுங்கிக்கொண்டே நிற்கிறது. கீழே பேஸ் கிட்டார், டிரம்ஸ். மெதுவான, மிக மெதுவான நடை. இந்த அரை நிமிடத்தை ஹெட்போனில் நாலைந்து தரம் போட்டுக் கேளுங்கள். 50 வருஷத்துக்கு மேலாக மெட்டல்காரர் செய்துவருவதன் விதை இதற்குள் இருக்கிறது.

வாசித்தவர் டோனி ஐயோமி. இடக்கைக்காரர். 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலையை விடுகிற கடைசி நாளில் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. தந்தியை அமத்துகிற கை அதுதான். சவர்க்காரத் திரவப் போத்தலின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். தந்தி இறுக்கமாக இருந்தால் நோகும் என்பதால் மெல்லிய தந்தி போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். 1971-ல் வந்த "மாஸ்டர் ஒஃப் ரியாலிட்டி" அல்பத்தில் பல பாட்டுகளில் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே நிற்கிறது. கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமாக 82 ஹெர்ட்ஸில் அதிரும், இங்கே ஏறக்குறைய 69. மெட்டலுக்கே அடையாளமாகிப்போன அந்தக் கனத்த சத்தம் ஒரு காயத்துக்குச் செய்த ஏற்பாடு. உறுப்பு இழந்தும் தொழிலை விடாத ஆட்களை வன்னியில் தேடிப் போகத் தேவையில்லை, இந்தக் கதை இங்கே கெதியாக விளங்கும்.

ஆனால் தொடங்குகிறவர் முதல் அல்பத்தை விட இரண்டாவதை எடுப்பது நல்லது. "பரனோய்ட்", அதே 1970, செப்டெம்பர். ஏறத்தாழ 42 நிமிடம். ரிஃபுகள் பெரிதாக, தெளிவாக, நிதானமாக இருக்கும். கையால் தட்டிப் பிடிக்கலாம். அதன் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் 2025 ஜூலை 5-ல் பேர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் பழைய கூட்டாளிகளோடு கடைசியாகப் பாடிவிட்டு அதே மாதம் 22-ல் காலமானார்.

ஒரு எச்சரிக்கை. இது எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் இருக்காது. "பரனோய்ட்" அல்பத்தின் முதற்பாட்டு போரை ஏசுகிற பாட்டு, தொடக்கத்திலேயே விமானத் தாக்குதல் சைரன் ஊதும். அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழுவின் 1988 அல்பமான "அன்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஓல்" நாலாவது பாட்டு வெடிச்சத்தம், ஹெலிகொப்டர் சத்தத்தோடு தொடங்கும். பாட்டின் பின்பாதியில் இரட்டைக் கால் டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கும், குண்டில் கைகால், கண், காது எல்லாம் இழந்து உயிரோடு கிடக்கிற சிப்பாயின் கதை அது. நல்ல பாட்டுகள், இரண்டுமே போருக்கு எதிரானவை. ஆனால் முற்றத்தில் பெரிய பொக்ஸில் திடீரென்று போடுகிற பாட்டுகள் அல்ல. கிபிர் போர் விமானம் இரைந்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள் பக்கத்து வளவில் இருப்பார்கள். ஹெட்போனில் கேளுங்கள், அல்லது அந்த முதல் பகுதியைத் தாண்டிப் போடுங்கள்.

எதில் கேட்பது, ஏன் கெட்டுப்போகிறது

போனின் சொந்த ஸ்பீக்கரில் மெட்டல் கேட்கவே கூடாது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், கிட்டாருடையது 82. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் இவை இரண்டும் வராது. மூளை மேல் மடங்குகளை வைத்துச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும், ஆனால் கனம் போய்விடும். மிஞ்சுவது கிட்டாரின் சீறலும் தாளத்தட்டின் சலசலப்பும். "இரைச்சல்" என்று ஆட்கள் சொல்வது அனேகமாக இதைத்தான்.

அப்படியென்றால் பெரிய சப்வூஃபர் வைத்த ஆட்டோவிலோ மினிபஸ்ஸிலோ போட்டால் சரிவருமா? அங்கே கெடுவது வேறு விதமாக. அந்தப் பெட்டிகள் குத்துப்பாட்டுக்குக் கட்டியவை, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் "டும்" என்று நீண்டு முழங்கும். மெட்டல் டிரம்ஸில் இரண்டு காலாலும் மாறிமாறி உதைப்பார்கள். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில், அடிக்கு நாலு உதை என்றால் வினாடிக்கு 13 உதைக்கு மேலே. ஒரு உதைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 75 மில்லி வினாடி. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முடியவே 20 மில்லி வினாடி வேண்டும். பெட்டி முதல் உதையின் முழக்கத்தை அடக்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எல்லாம் ஒன்றாகி ஒரே உறுமல். ஒலிப்பதிவுக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் மெட்டல் பதிவுகளில் உதையின் "டிக்" என்ற முனைச் சத்தத்தை, 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் அளவில், உயர்த்தி வைப்பார்கள். வேகமான பகுதிகளில் கீழ் முழக்கத்தைத் தேடாமல் இந்த "டிக்"கைத் தேடுங்கள், கால் என்ன செய்கிறது என்று தெரியும். திருவிழாவில் தவில் தனி கேட்டு விரல் எண்ணியவருக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆக, கிளிநொச்சி, வவுனியா போன் கடைகளில் கிடைக்கும் ரப்பர் முனை வைத்த சாதாரண வயர் இயர்போன் போதும். விலையை விட முக்கியம் ரப்பர் முனை காதுக்குள் இறுக்கமாக உட்காருவது. இலேசாக வெளியே நின்றாலே கீழ்ச் சத்தம் எல்லாம் கசிந்துவிடும். பெட்டியோடு வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று இல்லை. "பேஸ் பூஸ்ட்" இருந்தால் நிறுத்துங்கள். அது உதையையும் கிட்டாரின் கீழ்த்தந்தியையும் ஒன்றாகக் குழைத்துவிடும்.

இரண்டு காதிலும் போட வேண்டும். மெட்டலில் ஒரே ரிஃபை இரண்டு தரம் தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடப்பக்கத்துக்கும் மற்றதை முழு வலப்பக்கத்துக்கும் தள்ளிவிடுவது வழக்கம். இரண்டுக்கும் இடையில் இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் அந்த அகலத்தைத் தருகிறது. ஒற்றைப் புளூடூத் பொக்ஸில் அகலம் சுருங்கிவிடும்.

டேட்டா பற்றியும் சொல்ல வேண்டும். 42 நிமிட அல்பம் 96 கிலோபிட் தரத்தில் ஏறக்குறைய 30 எம்.பி., 160-ல் 50, 320-ல் 100. மிகக் குறைந்த தரத்தில் முதலில் கெடுவது தாளத்தட்டு, "ஸ்ஸ்" என்று தண்ணீர் வடிகிற மாதிரி கேட்கும். 160 போதுமானது. வீடியோவாகப் பார்ப்பதை விடுங்கள், டேட்டா தின்னும். சிக்னல் நல்ல இடத்தில் இறக்கி வைத்துவிட்டு பிறகு கேட்பது உத்தமம், நடுவில் நின்று நின்று வந்தால் அல்பம் அல்பமாக இருக்காது.

சத்தத்தைக் கூட்டினால்தான் மெட்டல் என்ற நினைப்பு பிழை. 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் 4 மணித்தியாலம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பஸ்ஸில் என்ஜின் இரைச்சல் கீழ்ச் சத்தத்தை மூடிவிடுவதால் கை தன்பாட்டில் சத்தத்தைக் கூட்டும். ஏ9 பயணம் முழுக்க அப்படிக் கேட்டுவிட்டு இறங்கும்போது காதில் "கீ" என்றால் அன்றைக்கு மேலே கேட்கக் கூடாது.

எந்த வரிசையில்

"பரனோய்ட்" முடிந்த பிறகு ஜூடாஸ் பிரீஸ்டின் "பிரிட்டிஷ் ஸ்டீல்" (1980). சபாத்தில் இருந்த புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய இசை) வாடையைத் துடைத்தெறிந்து, சின்னப் பாட்டுகளாக, கத்தி மாதிரி வெட்டி வைத்த அல்பம். சத்தங்களுக்குப் பால் போத்தல் உடைத்தும் கரண்டித் தட்டைக் குலுக்கியும் பதிவுசெய்திருக்கிறார்கள், பதிந்து வைத்த ஒலித்துண்டுகளைக் கணினியிலிருந்து எடுத்துப் போடும் வழக்கம் பரவாத காலம்.

அடுத்து அயர்ன் மெய்டன், "த நம்பர் ஒஃப் த பீஸ்ட்" (1982). புரூஸ் டிக்கின்ஸன் பாடகராக வந்த முதல் அல்பம். குரலைப் பிடித்துக்கொண்டுதான் கேட்பேன் என்று அடம்பிடிக்கிறவருக்கு இதுதான் வாசல், ஏனென்றால் மனிதர் உண்மையிலேயே பாடுகிறார், நீட்டி, உச்சத்தில். இங்கே காது வைக்க வேண்டியது பேஸில். ஸ்டீவ் ஹாரிஸ் விரலால் வாசிக்கிறார், தந்தி கட்டையில் மோதும் "கிளாங்" சத்தம் மேலே கேட்கும், ஆகவே மலிவு இயர்போனிலும் பேஸ் தெளிவு. இந்தக் குழு கையாளும் குதிரை நடை "தாம்-கிட, தாம்-கிட": ஒரு நெடில், இரண்டு குறில். கடைசிப் பாட்டு தூக்குமேடைக்குப் போகும் கைதியின் வாயிலிருந்து வருகிறது, 7 நிமிடம், நடபைரவிச் சுரங்கள், இரண்டு கிட்டார் சேர்ந்து பாடும் இடங்கள். தொடங்குகிறவருக்கு ஒரே ஒரு பாட்டு சொல்லச் சொன்னால் அதுதான்.

அட்டைப்படத்தில் பேய். வீட்டில் அம்மா பார்த்தால் கேள்வி வரும். மண்டையோட்டு மாலை போட்ட காளியைக் கும்பிடுகிற ஊரில் அதை விளங்கப்படுத்துவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

அதற்குப் பிறகு "மாஸ்டர் ஒஃப் பப்பெட்ஸ்". மெட்டாலிக்கா, 1986 மார்ச் 3, எட்டுப் பாட்டு, கிட்டத்தட்ட 55 நிமிடம். பெயர்ப்பாட்டைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் மெட்டல் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு இதை விட நல்ல பாடம் இல்லை. வேகம் நிமிடத்துக்கு 210 அடிக்குக் கொஞ்சம் மேலே. குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ரிஃபை மேல்-கீழ் என்று மாறி அடிக்காமல் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிக்கிறார், வினாடிக்கு ஏழு. மாறி அடித்தால் கை சுகம், ஆனால் மேல்நோக்கி வரும் அடி மெலிந்துபோகும். கீழ்நோக்கியே அடித்தால் ஒவ்வொன்றும் ஒரே கனம். முன்கை எரியும், பழகாதவர் அரைப் பாட்டில் விட்டுவிடுவார்.

சரணத்து ரிஃப் வரும்போது கையால் தாளம் போட்டுப் பாருங்கள். மூன்று வட்டம் நாலு நாலாகச் சரியாக வரும், நாலாவது வட்டம் முழுதாக வராமல் நடுவில் வெட்டுப்பட்டு அடுத்த வரி முந்திக்கொண்டு வந்துவிடும். உங்கள் கை அந்தரத்தில் நிற்கும். அப்படி நின்றால் நீங்கள் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், பாட்டு சொல்ல வருகிற போதை அடிமைத்தனத்தின் தள்ளுகையே அதுதான். மூன்றரை நிமிடம் அளவில் எல்லாம் அடங்கி டிஸ்டோர்ஷன் இல்லாத கிட்டார் மட்டும் நிற்கும். அங்கே வரும் மெல்லிய சோலோ (தனிக் கிட்டார் வாசிப்பு) ஹெட்ஃபீல்டுடையது, பிறகு வரும் வேகமான சோலோ மற்றக் கிட்டார்காரர் கர்க் ஹமட்டுடையது. அமைதியிலிருந்து திரும்ப ஏறுகிற அந்தப் படிகளை எண்ணுங்கள். கடைசியில் சிரிப்புச் சத்தத்தோடு முடியும். பேஸ் வாசித்த கிளிஃப் பேர்ட்டன் அதே வருஷம் செப்டெம்பர் 27 சுவீடனில் பஸ் விபத்தில் இறந்தார். அடுத்த அல்பத்தில் பேஸ் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. கலவை செய்தபோது அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பேஸ் கிட்டார் ஒரு குழுவுக்கு என்ன செய்கிறது என்பது, அது இல்லாத இடத்தில் தெரியும்.

அதே 1986-ல் ஸ்லேயரின் "ரெயின் இன் பிளட்". பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். எதிரொலியைத் துடைத்து எல்லாவற்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்த பதிவு, தயாரிப்பாளர் ரிக் ரூபின். விநியோகிக்க வேண்டிய கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது, கெஃபன் எடுத்துக்கொண்டது. நாசி வதைமுகாம் மருத்துவரைப் பற்றிய முதற்பாட்டும் அட்டைப்படமும்தான் காரணம். இதை முதல் வாரத்தில் கேட்க வேண்டாம். மேலே சொன்ன நாலு அல்பமும் பழகின பிறகு கேட்டால் வேகத்துக்குள் ரிஃப் தெரியும், அதற்கு முன் கேட்டால் வேகம் மட்டும்தான் தெரியும்.

பழைய அல்பங்களில் பல 40 நிமிட அளவில் நிற்பதற்குக் காரணம் இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் 20, 22 நிமிடத்துக்கு மேல் போட்டால் பள்ளங்கள் நெருங்கிச் சத்தம் மெலியும். ஆகவே பக்கம் ஒன்றின் முதற்பாட்டும் பக்கம் இரண்டின் முதற்பாட்டும் பலமானவையாக இருக்கும். சிடி வந்து 74 நிமிடம் கிடைத்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இது அல்பங்களுக்கு நன்மை செய்யவில்லை என்பது எங்கள் எண்ணம். உதாரணம் கீழே வரும்.

உறுமல்

மெட்டலின் கடுமையான கிளை ஒன்றுக்கு டெத் மெட்டல் என்று பெயர். அதன் குரல் கத்தல் அல்ல. தொண்டையில் உண்மைக் குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று ஒரு சோடி மடிப்பு உண்டு. அவற்றை அதிரவைத்து, மூச்சை வயிற்றிலிருந்து அளவாக விட்டுத்தான் அந்தச் சத்தம் வருகிறது. தொண்டையை இறுக்கிக் கத்திப் பார்த்து நோவு வந்தால் முறை பிழை, நிறுத்திவிட வேண்டும். கேட்கிறவருக்குச் சொல்ல வேண்டியது: இதில் மெட்டைத் தேடாதீர்கள், தாளத்தைத் தேடுங்கள். குரல் இங்கே இன்னொரு தோல் வாத்தியம். பாட்டு வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தரம் கேட்டால் அடுத்த தரம் சொற்கள் தன்பாட்டில் பிரியும்.

தொடங்க நல்லது டெத் குழுவின் "சிம்போலிக்" (1995). சக் ஷுல்டினரின் உறுமலில் சொற்கள் ஓரளவு விளங்கும், கிட்டார் வரிகள் பாடக்கூடியவை. அதுவும் கூடுதலாகப் பட்டால் சுவீடனின் ஓபெத், "பிளாக்வோட்டர் பார்க்" (2001). ஒரே ஆள் ஒரு பாட்டுக்குள்ளேயே உறுமுவார், அடுத்த வரியில் தாலாட்டு மாதிரிப் பாடுவார். மூன்றாவது பாட்டில் உறுமலே கிடையாது, அங்கிருந்து தொடங்கலாம்.

அண்மையில் வந்தவை

ஜூடாஸ் பிரீஸ்டின் "இன்வின்சிபிள் ஷீல்ட்" (2024 மார்ச்) அண்மைக்கால அல்பங்களில் முதலில் எடுக்க வேண்டியது. பாடகர் ரொப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. வயதைக் காரணம் காட்டிப் புகழத் தேவையில்லை. ரிஃபுகள் தங்கள் காலில் நிற்கின்றன. "பிரிட்டிஷ் ஸ்டீல்" கேட்ட கையோடு இதைப் போட்டால் நாற்பத்து நாலு வருஷத்தில் எது மாறியது என்று தெரியும்: வேகம் கூடியிருக்கிறது, உதைகள் கூடியிருக்கின்றன, பதிவில் இடைவெளி குறைந்திருக்கிறது.

மெட்டாலிக்காவின் "72 சீசன்ஸ்" (2023) 77 நிமிடம். நல்ல ரிஃபுகள் பல உண்டு, ஆனால் ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். 20 நிமிடம் வெட்டியிருந்தால் நல்ல அல்பம். கடைசிப் பாட்டு 11 நிமிடம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதே குழுவின் 2008 அல்பம் "டெத் மக்னெட்டிக்" இன்னொரு நோய்க்கு உதாரணம். மெல்லிய இடத்தையும் பலத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்து அலையின் உச்சி வெட்டுப்படும் வரை ஏற்றியிருப்பார்கள். கிட்டாரில் வெட்டுப்பட்டால் அழகு, முழுப் பதிவும் வெட்டுப்பட்டால் 20 நிமிடத்தில் தலை இடிக்கும். உங்களுக்கு மெட்டல் ஒத்துவரவில்லை என்று முடிவுகட்ட முன்னர் வேறு அல்பம் போட்டுப் பாருங்கள்.

ஓபெத்தின் "த லாஸ்ட் வில் அன்ட் டெஸ்டமென்ட்" 2024 நவம்பரில் வந்தது. 2008-க்குப் பிறகு உறுமல் திரும்பிய முதல் அல்பம். முதல் ஏழு பாட்டுக்குப் பெயர் இல்லை, சட்டப் பத்திரத்தின் பந்திகள் மாதிரி எண் மட்டும். செத்துப்போன பணக்காரத் தகப்பனின் மரண சாசனத்தை வாசிக்கப் பிள்ளைகள் கூடுகிறார்கள், உறுமல் அந்தத் தகப்பனின் குரல். காணி உறுதியை விரித்துவைத்து அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் இருந்த வீடுகளுக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை. வரிசை மாற்றிக் கேட்டால் ஒன்றும் விளங்காது, ஷஃபிளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து பிளட் இன்கன்டேஷன், "அப்சலூட் எல்ஸ்வெயர்" (2024 ஒக்டோபர்). இரண்டே இரண்டு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று துண்டு, பெர்லின் ஹன்சா ஸ்டூடியோவில் பதிவுசெய்தது. கொடூரமான டெத் மெட்டல் போய்க்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து சின்தசைசர் வெளிக்குள் இறங்கிவிடும். கடைசியாகக் கேட்க வேண்டியது, ஆனால் கேட்க வேண்டியது.

பிரான்சின் கொஜீராவைப் பலர் தெரியாமலே பார்த்திருப்பார்கள்: 2024 ஜூலை 26 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பழைய அரண்மனை ஜன்னல்களில் நின்று வாசித்தது அவர்கள்தான். "ஃபுரொம் மார்ஸ் டு சிரியஸ்" (2005) அவர்களின் சிறந்தது. புதியதில் "ஃபோர்ட்டிடியூட்" (2021) இலகுவானது.

பக்கத்தில் தேடினால் டில்லியின் பிளடிவுட். 2022-ல் "ரக்ஷக்", 2025-ல் "நு டெல்லி". தோல் மேளத்தை ஓரத்தில் அலங்காரத்துக்கு வைக்காமல் ரிஃபோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். பறைக்கு உடம்பு அசைந்து பழகினவருக்கு இந்தக் குழு முதல் நாளிலேயே பிடித்துப்போகலாம், அப்படியென்றால் வரிசையைத் தலைகீழாக்கி இதிலிருந்தே தொடங்கி "பரனோய்ட்"டுக்குப் பின்னோக்கிப் போனாலும் ஒன்றும் குறையாது. எங்கள் நாட்டில் கொழும்பின் ஸ்டிக்மாட்டா 1990களின் கடைசியிலிருந்து இருக்கிறார்கள், 2010-ல் வந்த "சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்ட்டிர்டம்" எடுத்துக் கேட்கலாம். அதற்கும் இயர்போனின் ரப்பர் முனையை ஒருக்காச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.